நாலு கை சக்களத்தி

அன்பு வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி போனைத் தூர வைத்துத் தூங்கி, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நீ நன்றாக இருக்கணும். அடுத்த வரியில் நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் எனக்கு உணவுக்குழாயில் ஆபரேஷன். பதறாதே. கேன்சர் இல்லை, கட்டி இல்லை, மயக்கம் கொடுத்துச் செய்கிற பெரிய ஆபரேஷன்தான் என்றாலும் செய்கிறவர்கள் தெரிந்தவர்கள். உன் கடைசிப் பரீட்சையும் நாளைக்குத்தான். முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ பேனாவைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுத்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. எல்லாம் முடிந்த பிறகு இந்தக் காகிதங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி உன் அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கத்துவது இப்போதே காதில் விழுகிறது. கத்து, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கத்து.

நம்ம ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறேன். இத்தனை வருஷம் டூல் பெட்டியோடு இந்த வராந்தாவில் நடந்தவன், கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிகிறது, யாரும் கவனிக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் தூக்குகிற ரிமோட் பாதியில் நின்றது, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது, சரி பண்ணினேன். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "சார், உங்களை இங்க வேலைக்குக் கூப்பிடல, ஊசி போட்ட கையை ஆட்டாம சும்மா படுங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் கழுவுகிற இடம், ஒரு டிரைவர் பாட்டுப் பாடிக்கொண்டே டயரைத் தேய்க்கிறார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்ன கோளாறு என்று ஒழுங்காகச் சொல்கிறேன். சாப்பிட்டது நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுவிடும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன் மேலேயே நிற்கும். எழுந்து நின்று தோளைப் பின்னால் தள்ளி ரெண்டு குதி குதித்தால் கல் விழுந்த மாதிரி பொத்தென்று இறங்கும். சில நாள் அப்படியும் இறங்காது, வந்த வழியே திரும்பி வந்துவிடும். இந்தக் கூத்தைக் கேன்டீனில் நாலு பேர் முன்னால் ஆட முடியுமா, அதனால் தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில், உறைபோட்டு அடுக்கியிருக்கிற துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது. வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் நீ "இளைச்சுட்டீங்கப்பா" என்பாய், நான் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன்.

இதற்கு ஊரே கூடி ஒரே காரணம் சொன்னது, அதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். துக்கமாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், சோறு எப்படி இறங்கும் என்றார்கள். உன் அத்தை பத்துப் பேருக்குச் சமைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்ப்பாள். நான் விழுங்கும்போது அவளும் சேர்ந்து விழுங்குவாள். நான் தட்டைத் தள்ளி வைத்தால் "அவளையே நினைச்சுக்கிட்டு இப்படிப் பட்டினி கிடக்கறியேடா" என்று மூக்கைச் சிந்துவாள். அக்கா, எனக்குப் பசிக்குது, நான் சாப்பிடத்தான் பார்க்கிறேன், உள்ளே போக மாட்டேங்குது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உன் மாமா இருக்கிறாரே, அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "மாப்பிள்ளை, எங்கயாவது மலைப்பக்கம் போயிட்டு வாங்க, காத்து மாறினா எல்லாம் சரியாகும்" என்பார், போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு கல்யாணப் பேச்சைத் தொட்டுவிட்டுப் போவார். தன் சொந்தத் தங்கச்சி இருந்த இடத்துக்கு ஆள் தேடுகிற மனுஷனை என்னவென்று திட்டுவது. தெருமுனை டாக்டர் முதலில் நெஞ்செரிச்சல் மாத்திரை கொடுத்தார், அப்புறம் அதையே டபுளாகக் கொடுத்தார், அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு கவுன்சிலிங் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா ஒரு தலையணையைக் கொடுத்து இதைக் கட்டிக்கிட்டு அழுங்க சார் என்றார்கள். நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் ரூம் ஏசி ஏன் இப்படி உறுமுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீயும் விட்டாயா. உன் படிப்பு அப்படி, மனோதத்துவம் படிக்கிறவளுக்கு அப்பாவே பாடப்புத்தகம். "அப்பா, உங்க உடம்பு பேசுது, நீங்க அழுதா எல்லாம் இறங்கிடும்" என்று மெசேஜ் அனுப்பினாய், கீழே ஒரு மஞ்சள் பொம்மை கட்டிப்பிடிக்கிற படம் வேறு. கோபித்துக்கொள்ளாதே, ஆனால் அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கடுப்பு கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு மெஷின் நின்றுபோனால் யாராவது அதன் மனசைப் பற்றிப் பேசுவார்களா, மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்களா.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குத் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ஐசியூவில் கிடந்தாளே, நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள், மானிட்டரில் கோடு நேராகப் போனது. நான் சிஸ்டரிடம், "லீடு கழண்டிருக்கும், பாருங்க" என்றேன். அவர் அசையாமல் நின்றார். நானே குனிந்து அவள் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாமே ஒட்டித்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குள் என்ன நின்றதோ, அது திரும்ப ஓடவில்லை. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்து, ஆள் நிறைய வந்திருந்தார்கள், பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றினேன். உன் மாமா கதவருகில் நின்று அதைப் பார்த்தார். கல்லு மாதிரி நிக்கிறானே என்று உறவுக்காரர்கள் பேசியது உனக்கும் தெரியும், நீ அவர்களோடு சண்டை போட்டதும் எனக்குத் தெரியும். அப்புறம் சாப்பாடு இறங்காமல் போனது. பார், எல்லாருக்கும் என்ன நிம்மதி. உன் மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை, உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சுருக்கீங்களே" என்று அழுதார். எனக்கும், உண்மையைச் சொன்னால், அதில் ஒரு ஆறுதல் இருந்தது. வாயால் இல்லை என்றேனே தவிர, சரி, கண்ணில் வராதது இந்த வழியாகவாவது வருகிறதே, நான் மரக்கட்டை இல்லை போலிருக்கிறதே என்று உள்ளே ஒரு மூலையில் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஸ்டோர் ரூமில்தான். ஒரு மத்தியானம் ரொட்டி மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன், கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்துவிட்டார். நான் பார்த்துக்கொள்கிற ரோபோ மெஷினை வைத்து வயிறு, உணவுக்குழாய் ஆபரேஷன் எல்லாம் செய்கிற சர்ஜன் அவர்தான். ஆள் குட்டை, குரல் மட்டும் தியேட்டருக்கு வெளியே வரை கேட்கும். என்னைப் பார்த்துவிட்டு, "என்ன இன்ஜினியர், ஸ்கிப்பிங்கா, கயிறு எங்க?" என்றார். நான் ஒன்றுமில்லை மேடம், வீட்டில் அவள் போனதிலிருந்து இப்படி என்று எல்லாரும் எனக்குச் சொன்ன பாட்டை அவருக்குப் பாடினேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணியும் நிக்குதா, ராத்திரி படுத்தா மேல வருதா, எவ்வளவு எடை போச்சு என்று மூன்று கேள்விதான் கேட்டார். மறுநாளே மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உள்ளே அழுத்தம் எங்கே எவ்வளவு என்று பார்த்தார்கள். ஸ்கிரீனில் கலர் கலராக வந்தது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அழுத்தம் பார்க்கிறதே என் பிழைப்பு. குழாயின் அடியில், வயிற்றுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வால்வு மாதிரி தசை இருக்கிறது. விழுங்கினதும் அது திறக்கணும். என்னுடையது இறுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. மேலே இருக்கிற குழாயும் தள்ளுகிற வேலையை நிறுத்திவிட்டது. அதை ஓட்டுகிற நரம்புகள் செத்துப்போயிருக்கின்றன, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம், மருந்தால் தீராதாம். துக்கத்தால் வருமா மேடம் என்று கேட்டேன். "துக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார், இது பிளம்பிங்" என்றார்.

என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது வாண்டு. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்காக ஒரு சொட்டு அழவில்லை, அவனிடம் இருந்தது இந்த ஒரு அடைப்புதான், அதுவும் அவளுக்காக இல்லையாம், வால்வாம். அதையும் கத்தியை வைத்து வெட்டிவிட்டால் மூன்று வேளையும் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவேன், பெல்ட் திரும்பவும் பழைய ஓட்டைக்கு வரும், அப்புறம் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும். டாக்டரம்மா தேதி கேட்டபோது நான் ஒரு நாளைச் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். என்னோடு வேலை பார்க்கிற ஸ்பேனரை உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலும் கீழும் போனானே, அவன்தான் காலண்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "டேய், அன்னைக்கு மெஷினுக்கு வருஷாந்திர சர்வீஸ்டா, நாலு கையும் கழட்டித் தரையில கிடக்கும், நீ ஒருத்தன் மேல ஏறிப் படுத்துட்டு யாரைக் கூப்பிடுவ?" என்றான். தேதி குறித்தது நான், சர்வீஸ் அட்டவணை போட்டதும் நான். கவனிக்கவில்லை என்றேன். "யாருகிட்டடா கதை விடற" என்று முதுகில் ஒன்று போட்டான்.

டாக்டரம்மா திட்டவில்லை. கேஸ் எழுதுவதற்காக என்று கூப்பிட்டு உட்கார வைத்து, இது முதன்முதலில் எப்போது ஆரம்பித்தது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவள் போன பிறகு என்று வாயைத் திறந்தவன் பாதியில் நிறுத்தினேன். நம்ம சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. நீ அங்கே படிக்கப் போன புதுசு, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்கம்மா என் டம்ளரை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "என்னங்க இது, வாய்க்கு வாய் தண்ணி, தண்ணிதான் டிரைவரா, அது இல்லாம வண்டி நகராதா" என்றாள். அவசரத்தில் சாப்பிடுகிறேன் என்றேன். "அவசரம் எல்லாம் இல்ல, நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், முழுங்கும்போது நெஞ்சைப் பிடிக்கறீங்க, அந்தக் குட்டை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன். அப்புறம் அவள் கேட்பதற்கு இல்லை. இவ்வளவு பேர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்களே, கண்டுபிடித்தது அவள் ஒருத்திதான், அதுவும் இது இவ்வளவு பெரிதாவதற்கு முன்னால். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது, ஒருத்தர் கம்ப்ளெயின்ட் கொடுத்தால் அதை முடிக்காமல் விடக்கூடாது, கொடுத்தவர் வேலையை விட்டுப் போனாலும் கம்ப்ளெயின்ட் அப்படியே திறந்து கிடக்கும், யாராவது பார்த்து மூடணும். இது உங்கம்மா கொடுத்த கம்ப்ளெயின்ட். அதை நான் மூடாமல் வைத்துக்கொண்டு, துக்கம் துக்கம் என்று மற்றவர்கள் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மேடம், அடுத்த காலி நாள் எதுவோ அதில் போடுங்கள் என்றேன். அதுதான் நாளை.

எப்படிச் செய்வார்கள் என்று நீ நெட்டில் தேடிப் பயப்படுவதற்கு முன்னால் நானே சொல்கிறேன். ரோபோ என்றதும் உன் அத்தை, "மனுஷங்க யாரும் இருக்க மாட்டாங்களா, மெஷினே அறுத்துடுமா?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். அது தானாக ஒரு நூல் கூட நகராது. டாக்டரம்மா அதே ரூமில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு கூண்டுக்குள் முகத்தை வைத்து, விரலை வளையத்தில் மாட்டிக்கொள்வார். அவர் விரல் எப்படி மடங்குகிறதோ அப்படி என் வயிற்றுக்குள் இருக்கிற கருவி மடங்கும், கை நடுங்கினால் அந்த நடுக்கத்தை மட்டும் மெஷின் வடிகட்டிவிடும். வயிற்றில் பட்டன் சைஸ் ஓட்டைகள் சில, அவ்வளவுதான். இறுகிப்போன தசையை நீளவாக்கில் வெட்டிவிட்டு, அதற்கு உள்ளே இருக்கிற மெல்லிய தோலை வெட்டாமல் விடணும், அதில்தான் வித்தை இருக்கிறது. வெங்காயத்தில் மேல் அடுக்கை மட்டும் கீறுவது மாதிரி. அப்புறம் வயிற்றின் ஒரு ஓரத்தை இழுத்து மேலே போர்த்தித் தைப்பார்கள், புளிப்பு மேலே வராமல் இருக்க. கடைசியில் தண்ணீர் விட்டு உள்ளே காற்றை ஊதி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள், பங்க்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்குவார்களே அதேதான். எனக்கு இந்த ஆபரேஷனிலேயே ரொம்பப் பிடித்த இடம் அது.

உங்கம்மா அந்த மெஷினுக்கு வைத்த பேர் உனக்குத் தெரியும். ராத்திரி லேட்டாக வந்தால் கதவைத் திறந்துகொண்டே, "என்ன, அந்த நாலு கை சக்களத்தி இன்னைக்கும் விடலையா" என்பாள். ஒரு பழுது சரியானதும் நான் வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்னால் அவளுக்குப் போன் போடுவேன், "ஓடிடுச்சு" என்ற ஒரே வார்த்தை, அவள், "சரி, அவ ஓடட்டும், நீங்க நடந்து வீட்டுக்கு வாங்க" என்பாள். கல்யாணமான புதுசில் நான் வெறும் ஏசி ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்து இதேதான், ஒரு நாள் மாறினதில்லை. அவள் போனை அதில் இருக்கிற படங்களுக்காகச் சிம்மோடு நீ எடுத்துக்கொண்டு போனாய், அலாரத்துக்கும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன் என்றாய். அந்த நம்பருக்கு நான் இன்னும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் மாமா பார்த்துவிட்டு, "யாரு பேசப் போறா மாப்பிள்ளை?" என்றார். நான் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துப் போட்டேன்.

நாளைக் காலை மெஷின் செக்கப்பை நான் செய்துவிட்டுப் படுக்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது கையில் ஒரு மாதிரி சத்தம் வருகிறது என்றேன். "மூணாவது கைக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு, போய்ப் படுங்க" என்றார். ஸ்பேனர்தான் பார்க்கப் போகிறான். தன்னை நம்பி நான் உயிரை ஒப்படைக்கிறேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதை இப்போதைக்கு இதோடு நிறுத்துகிறேன், சிஸ்டர் ஊசியோடு வருகிறார்.

இனி எழுதுவது ஆபரேஷன் முடிந்து. கை கொஞ்சம் கோணுகிறது, பொறுத்துக்கொள். மயக்கத்துக்காகத் தொண்டைக்குள் விட்டிருந்த குழாயால் தொண்டை ரணமாகி, குரல் கரகரவென்று வருகிறது, பேசாதே என்று உத்தரவு. தியேட்டருக்குள் பின்னால் முடிச்சுப் போடுகிற அந்த கவுனோடு போனேன். இத்தனை வருஷமாக மேலிருந்து பார்த்த மெஷினைக் கீழேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது, நாலு கையையும் மடக்கிக்கொண்டு குனிந்து பார்க்கிறாள், உங்கம்மா வைத்த பேர் சரிதான் என்று தோன்றியது. டேய், மூணாவது கை என்று ஸ்பேனரிடம் ஆரம்பித்தேன், "வாயை மூடுடா" என்றான், அவன் கண் கலங்கியிருந்தது, மாஸ்க்குக்கு மேலே அது மட்டும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. குமிழி வரவில்லை என்று டாக்டரம்மா வந்து சொன்னார். மூன்றாவது கையும் ஒழுங்காக வேலை செய்ததாம், அதை ஒரு மாதிரி அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை எக்ஸ்ரே ரூமில் நிற்க வைத்து வெள்ளையாக ஒரு திரவத்தைக் குடிக்கச் சொன்னார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு ருசி. ஸ்கிரீன் எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைக்கச் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படத்தில் குழாய் மேலே பானை மாதிரி வீங்கி, அடியில் குருவி மூக்கு மாதிரி கூராக நின்றிருந்தது. இன்று குடித்ததும் வாயிலிருந்து வயிறு வரைக்கும் வெள்ளைக்கோடு நிற்காமல் இறங்கியது. குதிக்கவில்லை. தோளைத் தள்ளவில்லை. நெஞ்சுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரே எடுத்தவர், "ஜம்முனு போகுது சார்" என்றார். வீல்சேரில் ரூமுக்குக் கொண்டு வந்து விட்டார்கள். உன் அத்தை காபி குடிக்கக் கீழே போயிருந்தாள். மேஜை மேல் என் போன் இருந்தது. எடுத்தேன், அடித்தேன். யோசித்து அடித்ததில்லை வாண்டு, நம்பு, ஒரு வேலை முடிந்தது, விரல் தானாக அவள் நம்பருக்குப் போனது. மணி அடித்தது. எடுத்ததும், தூக்கக் கலக்கத்தில் ஒரு ஹலோ. உன் குரல் அவள் குரல் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதே இல்லை. "ஓடிடுச்சு" என்றேன். நீ, "என்னது? அப்பாவா? என்ன ஓடிடுச்சு? ஏன் குரல் இப்படி இருக்கு?" என்றாய். நான் கட் பண்ணிவிட்டேன். அப்போதிலிருந்து நீ போட்ட போன்களும் மெசேஜ்களும் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன, ஒன்றையும் எடுக்கவில்லை, எடுத்தாலும் என்னால் பேசியிருக்க முடியாது. அதற்குத்தான் இவ்வளவும்.

கட் பண்ணின பிறகு என்ன நடந்தது என்றால், அழுதேன். எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. வயிற்றில் போட்ட தையலெல்லாம் கத்தியால் குத்துகிற மாதிரி வலிக்க வலிக்க, சத்தமே வராத தொண்டையை வைத்துக்கொண்டு, மூக்கும் வாயும் ஒழுக, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிஸ்டர் ஓடி வந்தார். அவர் சொன்னதைக் கேள். "சார், அழக்கூடாது சார், வயித்துக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது, உள்ள போட்ட தையல் விட்டுடும், அழறதை நிறுத்துங்க முதல்ல" என்றார். இத்தனை மாதமாக அழு அழு என்று தலையணையோடு பின்னால் வந்தார்கள், அன்றைக்கெல்லாம் ஒரு சொட்டு வரவில்லை, இப்போது வருகிறது, அழாதே என்கிறார்கள். இந்த உலகத்தில் ஒரு மனுஷன் எப்போதுதான் அழுவது, அதற்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா. என் நிலைமையைப் பார்த்துவிட்டு சிஸ்டர் ஒரு தலையணையை மடித்து என் வயிற்றில் வைத்து, "சரி, அழணும்னா இதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அழுங்க" என்றார். கடைசியில் தலையணைதான். அத்தை காபியோடு வந்து பார்த்துவிட்டு, வலி தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று ஊசி போடச் சொல்லிக் கத்தினாள். துக்கமாக இருந்தபோது துக்கம் என்று யாரும் சொல்லவில்லை பார், அது ஒன்றுதான் இந்தக் குடும்பத்தில் மாறாமல் இருக்கிறது.

இப்போது பரவாயில்லை. கொஞ்ச நாளைக்குத் தண்ணியான சூப்புதான், அப்புறம் மசித்தது, அப்புறம்தான் எல்லாரும் சாப்பிடுகிற சாப்பாடு. உன் அத்தை இப்போதே பெரிய பாத்திரத்தில் சூப் வைத்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்கே போதும். டிக்கெட் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்பாதே, வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சைத் தூக்கத்தை எல்லாம் தூங்கி முடித்துவிட்டு வா. நீ வருகிற சமயம் ரொட்டி சாப்பிடுகிற நிலைக்கு வந்திருப்பேன், எதிரில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் ஒவ்வொரு வாயாகப் பார்க்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். உனக்கும் விழுங்கும்போது எப்போதாவது மாட்டினால் மனசு, ஸ்ட்ரெஸ் என்று எனக்குப் பாடம் எடுக்காமல் நேராக ஒரு டாக்டரிடம் போ. மாமாவிடம் பேசும்போது நான் அழுததைச் சொல்லாதே, அவர் உடனே பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

நீ நல்லா இருக்கணும், உன் கையும் வாயும் குறைவில்லாமல் இருக்கணும், நினைத்த வேலையில் உட்காரணும். உங்கம்மா இருந்தால் என்ன சொல்லி உன்னை வாழ்த்துவாளோ அதையும் சேர்த்து எடுத்துக்கொள், அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா போனை எப்போதும் சார்ஜில் வை. இனிமேலும் விரல் எப்போதாவது தானாகப் போகும், நான் உறுதி கொடுக்க முடியாது. அப்போது என்ன ஓடிடுச்சு என்று கேட்காதே. "சரி, அவ ஓடட்டும், நீங்க நடந்து வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடு, போதும்.

தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு,
உன் அப்பா